பயத்தை அச்சடித்த தேர்தல்: ரஷ்யா, 1996

1996 கோடையில் ரஷ்ய நகரங்களின் உணவுக் கடைகளில் ஓர் ஒட்டுத்தாள் தென்பட ஆரம்பித்தது. ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கென்னாதி ஸ்யுகானோவின் படம், கூடவே ஒரு வரி: “கடைசியாக ஒரு தடவை சாப்பாட்டுச் சாமான் வாங்கிக்கொள்.” ஜூன் 16 அன்று நடக்கவிருந்த அதிபர் தேர்தலுக்கான பிரசாரம் அது. பதவியில் இருந்த போரிஸ் யெல்ட்சின் என்ன சாதித்தார், இனி என்ன செய்வார் என்பதைப் பற்றி அதில் எதுவும் கிடையாது.

படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1990, 1991 ஆண்டுகளில் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் கூப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஐந்து வருடம் கழித்து அதே கடைகளில் சாமான் நிறைந்திருந்தது. ஆனால் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி, விலை எட்டாத உயரம். வாங்கக் காசில்லாத மனிதரிடம் போய், இருப்பதும் போய்விடும் என்று சொல்லி அவர் ஓட்டைப் பெற முடியுமா? பெற்றார்கள். எப்படிப் பெற்றார்கள் என்று பார்த்தால், சோவியத்துக்குப் பிந்தைய நாடுகளின் அரசியலில் பின்னால் வந்த பலவற்றின் வேர் அங்கே இருப்பது தெரியும்.

முதலில் அந்த ஆண்டின் தொடக்கத்தில் யெல்ட்சின் எந்த நிலையில் இருந்தார் என்று பார்த்துவிடலாம். 1992 ஜனவரியில் அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஒரே வருடத்தில் விலைவாசி சுமார் 2,500 சதவீதம் ஏறியது. ஆயுள் முழுக்கச் சேமித்த பணம் வங்கிக் கணக்கிலேயே கரைந்தது. 1993 அக்டோபரில் யெல்ட்சின் நாடாளுமன்றக் கட்டடத்தை டாங்கிகளால் சுட வைத்தார். 1994 டிசம்பரில், ரஷ்யாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற தெற்குக் குடியரசான செச்சன்யாவுக்குப் படை அனுப்பினார். சில வாரங்களில் முடியும் என்ற போர் இழுத்துக்கொண்டே போனது. 1995இல் அவருக்கு இரண்டு முறை மாரடைப்பு வந்தது. அந்த டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 22 சதவீத ஓட்டுடன், 450இல் 157 இடங்களைப் பிடித்தது. அரசுக்கு ஆதரவான ‘நமது வீடு ரஷ்யா’ கட்சிக்குக் கிடைத்தது 10 சதவீதம். 1996 ஜனவரிக் கருத்துக்கணிப்புகளில் யெல்ட்சினின் ஆதரவு ஒற்றை இலக்கத்தில் கிடந்தது. பிப்ரவரி 15 அன்று, சொந்த ஊரான யெகாத்தரின்பர்கில், தான் போட்டியிடுவதாக அறிவித்தபோது அவருக்குத் தொண்டை கட்டி, குரலே சரியாக எழும்பவில்லை.

தேர்தலே வேண்டாம் என்று சொன்னவர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். மார்ச் 15 அன்று, சோவியத் யூனியனைக் கலைத்த 1991 ஒப்பந்தம் செல்லாது என்று கம்யூனிஸ்டுகள் நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதைச் சாக்காக வைத்து நாடாளுமன்றத்தைக் கலைக்கவும், கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்யவும், தேர்தலைத் தள்ளிப்போடவும் ஆணைகள் தயாராகின. உள்துறை அமைச்சர் குலிகோவும், தனியார்மயத்தை நடத்திய அனத்தோலி சுபைஸும் கடுமையாக எதிர்த்தார்கள். யெல்ட்சினின் மகள் தத்யானா தியாச்சென்கோதான் சுபைஸை அவரிடம் அழைத்துப் போனார். யெல்ட்சின் பின்வாங்கினார். இதைப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். எனவே தேர்தல் நடந்ததே ஒரு வெற்றி என்று சொல்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, செல்வாக்கே இல்லாத ஒருவரை ஜெயிக்க வைக்கப் பணம் எங்கிருந்து வந்தது? 1995இன் கடைசி இரண்டு மாதங்களில் ‘பங்குகளுக்குக் கடன்’ என்ற பெயரில் ஒரு திட்டம் நடந்தது. அரசுக்கு வங்கிகள் கடன் தரும். ஈடாக நாட்டின் மிகப் பெரிய எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகளை வைத்துக்கொள்ளும். நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் 38 சதவீதம் 17 கோடி டாலருக்கும், யூகோஸின் 45 சதவீதம் 15.9 கோடி டாலருக்கும், சிப்னெஃப்ட்டின் 51 சதவீதம் 10 கோடி டாலருக்கும் கை மாறின. அரசு கடனை அடைக்காவிட்டால் அந்தப் பங்குகளை விற்றுக்கொள்ளும் உரிமை 1996 செப்டம்பரில்தான் வங்கிகளுக்கு வரும். தேர்தலோ ஜூனில். ஸ்யுகானோவ் ஜெயித்தால் இந்தச் சொத்தெல்லாம் திரும்பப் போகும், சிலர் சிறைக்கும் போக நேரலாம். பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மாநாட்டுக்குப் போன ரஷ்யக் கோடீஸ்வரர்கள் போரிஸ் பெரெஸோவ்ஸ்கியும் விளாதிமிர் குசின்ஸ்கியும், அங்கே மேற்கத்திய முதலாளிகள் ஸ்யுகானோவை அடுத்த அதிபராகவே நினைத்துக் கைகுலுக்கியதைப் பார்த்தார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் அழிக்கத் துடித்தவர்கள், அங்கே சமரசமானார்கள்.

இந்த இருவரும் வெறும் பணக்காரர்கள் இல்லை. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் எட்டிய ஓ.ஆர்.டி. தொலைக்காட்சி பெரெஸோவ்ஸ்கியின் பிடியில் இருந்தது. செச்சன்யப் போரை அரசுக்கு அஞ்சாமல் காட்டி மரியாதை சம்பாதித்திருந்த என்.டி.வி. குசின்ஸ்கியுடையது. மூன்றாவது பெரிய ஒளிபரப்பான ஆர்.டி.ஆர். அரசுடையது. செச்சன்யாவை இருட்டாகவே காட்டுகிறார் என்று கோபப்பட்டு அதன் தலைவர் ஒலெக் பொப்த்சோவை பிப்ரவரியிலேயே யெல்ட்சின் நீக்கிவிட்டார். அப்புறம் என்.டி.வி.யின் தலைவர் இகோர் மலஷென்கோ, அந்தப் பொறுப்பை விடாமலேயே யெல்ட்சினின் பிரசாரக் குழுவில் சேர்ந்தார். போட்டியில் இருக்கும் ஒருவரின் விளம்பரத்தை வகுப்பவரே நாட்டின் நம்பகமான செய்தி நிறுவனத்தையும் நடத்தினார்.

மலஷென்கோவின் கணக்கு எளிமையானது. விளம்பரத்தை ஜனங்கள் நம்ப மாட்டார்கள், செய்தியை நம்புவார்கள். எனவே அதிபர் தினமும் ஒரு செய்தியாக இருக்க வேண்டும். மாரடைப்புகளுக்குப் பிறகு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்தவர், திடீரென்று ஊர் ஊராகப் பறந்தார். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள வோர்குத்தாவில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். ஜூன் 10 அன்று ரஸ்தோவ் நகரில் ஒரு பாட்டுக் கச்சேரி மேடையில் ஏறி ஆடினார். அந்தப் படத்தை எடுத்த அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. 65 வயது இதய நோயாளி கைகளை மடக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடும் அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான் வரும். அவர் உடம்பைச் செலவழித்துத்தான் அந்தச் செய்திகள் தயாராயின.

செய்தியோடு ஆணைகளும் வந்தன. போகும் ஊரிலெல்லாம் சம்பள பாக்கி தீர்க்கப்படும் என்ற உறுதி. விலையேற்றத்தில் சேமிப்பை இழந்த முதியவர்களுக்கு இழப்பீடு. 2000ஆம் ஆண்டுக்குள் கட்டாய ராணுவச் சேவை ஒழியும் என்று மே மாதம் ஓர் ஆணை; இன்றுவரை அது ஒழியவில்லை. மே 27 அன்று செச்சன்யத் தலைவர் யந்தர்பியேவை கிரெம்ளினுக்கு வரவழைத்துப் போர்நிறுத்தத்தில் கையெழுத்து. மறுநாள், செச்சன்யக் குழு இன்னும் மாஸ்கோவில் இருக்கும்போதே யெல்ட்சின் செச்சன்யாவுக்குப் பறந்து, போர் முடிந்துவிட்டது என்று வீரர்களிடம் அறிவித்தார். தேர்தல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, குண்டுவீச்சு மறுபடி தொடங்கியது. அந்த அமைதியை நம்பி ஊர் திரும்பிய குடும்பங்களை நினைத்தால், இதை வெறும் தேர்தல் தந்திரம் என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை.

கம்யூனிஸ்டுகளிடமிருந்து சின்னங்களைப் பிடுங்கும் வேலையும் கூடவே நடந்தது. ஏப்ரல் 15 அன்று வந்த ஆணை, இரண்டாம் உலகப்போர் வெற்றியைக் கொண்டாடும் மே 9 போன்ற நாட்களில் மூவண்ணக் கொடியோடு சிவப்பு வெற்றிக்கொடியையும் ஏற்றலாம் என்றது. 1991இல் அந்தச் சிவப்புக் கொடியை இறக்கியவரே யெல்ட்சின்தான். மே 9 அன்று அவர் லெனின் சமாதியின் மேல் நின்று போர்வீரர்களை வரவேற்றார். பெலாரூஸுடன் ஓர் ஒன்றிய ஒப்பந்தமும் ஏப்ரல் தொடக்கத்தில் கையெழுத்தானது. சோவியத் நாளை நினைத்து ஏங்குபவர்களே, உங்கள் ஏக்கத்துக்கு இங்கேயும் இடமுண்டு என்பதுதான் இதன் பொருள். கூடவே சர்வதேச நிதியம் மார்ச்சில் சுமார் 1,000 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. பாக்கிகளைக் கொடுக்க அது உதவியது.

இனி அச்சிட்ட பொருட்களுக்கு வருவோம். இவற்றில் மிக வலுவானது ‘நே தாய் போக்’ என்ற வாரப் பத்திரிகை. ‘ஆண்டவா, அப்படி ஆகிவிடக் கூடாது’ என்ற பெயர். கொம்மெர்சாந்த் பதிப்பகத்தார் தயாரித்தது. பளபளப்பான வண்ண அச்சு, ஒரு கோடிப் பிரதிகள், அத்தனையும் இலவசமாகத் தபால் பெட்டிக்கு வந்துவிடும். பஞ்சம், சிறைமுகாம், உள்நாட்டுப் போர் என்று இதழுக்கு இதழ் அச்சம். ஸ்யுகானோவை ஹிட்லரோடு சேர்த்துக் காட்டவும் அது தயங்கவில்லை. யெல்ட்சினின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றி அதில் தேடினால் அதிகம் கிடைக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தது, தேர்தலோடு நின்றது. அதை நடத்தியவர்கள் சிறந்த பத்திரிகையாளர்கள். நல்ல எழுத்து, நல்ல வடிவமைப்பு, நல்ல தலைப்புகள். மட்டமான துண்டுப்பிரசுரத்தைவிட அது ஆபத்தானதாக இருந்ததற்குக் காரணம் இந்தத் திறமைதான்.

இதில் பொய் மட்டும் இருந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. ஸ்டாலின் காலத்தின் முகாம்களும் பஞ்சங்களும் உண்மை. கோடிக்கணக்கான குடும்பங்களில் அந்தக் காயம் இருந்தது. ஸ்யுகானோவும் அந்தக் கடந்தகாலத்திடமிருந்து தன்னைத் தெளிவாக விலக்கிக்கொள்ளவில்லை. ஸ்டாலினைப் பாராட்டிப் பேசுபவர்கள் அவர் மேடைகளிலேயே இருந்தார்கள். கட்சி பெயரைக்கூட மாற்றவில்லை, வழிகளையும் மாற்றாது என்று ஒரு போஸ்டர் சொன்னது. பத்திரிகையாளர்கள் பலர் காசுக்காக இல்லாமல் பயத்தினாலேயே யெல்ட்சின் பக்கம் நின்றார்கள். கம்யூனிஸ்டுகள் வந்தால் முதலில் மூடப்படுவது தங்கள் வாய்தான் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். தவறு எங்கே நடந்தது என்றால், ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த 1937 பற்றிய உண்மையை வைத்து 1996 பற்றிய கேள்விகளை மூடியதில். என் சம்பளம் எங்கே, செச்சன்யாவில் என் மகன் ஏன் செத்தான், அந்த நிக்கல் சுரங்கத்தை யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்று கேட்க வேண்டிய நேரத்தில், முகாம்கள் திரும்ப வேண்டுமா என்று மட்டும் நாடு கேட்கப்பட்டது.

இளைஞர்களுக்கு வேறு சரக்கு. அவர்களைப் பயமுறுத்தத் தேவையில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஸ்யுகானோவுக்கு ஓட்டுப் போடப் போவதில்லை. ஓட்டே போடாமல் இருந்துவிடுவார்கள் என்பதுதான் கவலை. ‘ஓட்டுப் போடு, இல்லையென்றால் தோற்பாய்’ என்ற முழக்கத்தோடு நாடெங்கும் ராக் கச்சேரிகள் நடந்தன, டி-ஷர்ட்டுகள் வந்தன, தொலைக்காட்சித் துணுக்குகள் ஓடின. அமெரிக்காவின் எம்.டி.வி. 1992இல் நடத்திய இளைஞர் வாக்காளர் இயக்கத்திலிருந்து எடுத்த யோசனை இது. பெயரளவில் யாருக்கென்று சொல்லாத பிரசாரம். மேடையில் இருந்தவர்கள், எண்பதுகளில் சோவியத் தணிக்கையோடு மோதிய பாடகர்கள். அவர்கள் அங்கே நின்றதே போதுமான செய்தியாக இருந்தது.

வயதானவர்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் ‘விதியோ இண்டர்நேஷனல்’ நிறுவனம் தயாரித்த குறும்படங்கள். சாதாரண மனிதர்கள் கேமராவைப் பார்த்துத் தங்கள் வாழ்க்கையைச் சொல்வார்கள். கஷ்டத்தை மறைக்க மாட்டார்கள். கடைசியில், எல்லாம் இருந்தாலும் திரும்பிப் போக வேண்டாம் என்பார்கள். ‘நம்புகிறேன், நேசிக்கிறேன், எதிர்பார்க்கிறேன்’ என்று திரையில் வரும். அந்தத் தேர்தலில் தயாரான பொருட்களில் நான் ஓரளவு மதிப்பது இவற்றைத்தான். யாரையும் பூதமாகக் காட்டாமல், நாடு பட்ட சிரமத்தை ஒப்புக்கொண்டு ஓட்டுக் கேட்டவை இவை.

மாஸ்கோவின் தெருக்களில் இன்னொரு விதம். நகரின் மேயர் யூரி லுஷ்கோவுக்கும் அதே ஜூன் 16 அன்றுதான் தேர்தல். அவருக்கோ அபார செல்வாக்கு. யெல்ட்சினும் லுஷ்கோவும் கைகுலுக்கும் படத்துடன், ‘மாஸ்கோவாசிகள் தங்கள் முடிவை எடுத்துவிட்டார்கள்’ என்று பிரம்மாண்டமான போஸ்டர்கள் எங்கும் நின்றன. மாஸ்கோவில் யெல்ட்சினுக்கு முதல் சுற்றிலேயே 61 சதவீதம் விழுந்தது. போஸ்டர் வைக்கும் இடத்தை நகராட்சி நிர்வகிக்கும்போது, எதிர்க்கட்சிக்காரர் எங்கே போய் ஒட்டுவார் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

ஸ்யுகானோவின் பக்கம் என்ன இருந்தது? ஐந்து லட்சம் உறுப்பினர்கள் கொண்ட, ரஷ்யாவில் அப்போது உண்மையிலேயே கட்சி என்று சொல்லத் தகுந்த ஒரே அமைப்பு. ‘ரஷ்யா, தாய்நாடு, மக்கள்’ என்ற முழக்கம். ‘சோவியத்ஸ்கயா ரஸ்ஸியா’, ‘ப்ராவ்தா’ போன்ற நாளிதழ்கள். வீடு வீடாகப் போய்ப் பேசும் தொண்டர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். மாஸ்கோவுக்குத் தெற்கே விவசாய மாகாணங்களில் இது நன்றாக வேலைசெய்தது. அந்தப் பகுதியையே ‘சிவப்பு வளையம்’ என்று அழைத்தார்கள். அதற்கு வெளியே எட்டவில்லை. ஏற்கெனவே தன்னை நம்பியவர்களிடமே அவர் திரும்பத் திரும்பப் பேசினார். தொலைக்காட்சி அவருக்கு மூடியிருந்தது உண்மை. ஆனால் கட்சிக்கு வெளியே இருந்த, யெல்ட்சினால் நொந்துபோன, அதே சமயம் கம்யூனிஸ்டுகளுக்கு அஞ்சிய கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் ஒரு புதிய சொல்கூடச் சொல்லவில்லை. அந்தத் தோல்விக்குக் காரணம் அவர்தான்.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு வேட்பாளர் சுமார் 30 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றது. யெல்ட்சின் தரப்பின் உண்மையான செலவு அதைப் போலப் பல மடங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இல்லை, எத்தனை மடங்கு என்பதில்தான் சண்டை. ஜூன் 19 மாலை, மாஸ்கோவில் அரசுத் தலைமையகத்திலிருந்து வெளியே வந்த இருவரைப் பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். ஒருவர் இளைஞர் கச்சேரிகளை நடத்திய செர்கெய் லிசோவ்ஸ்கி. மற்றவர் சுபைஸின் உதவியாளர் அர்க்காதி யெவ்ஸ்தாஃபியேவ். அவர்களிடம் இருந்த ஜெராக்ஸ் தாள் பெட்டிக்குள் 5,38,000 டாலர் ரொக்கம். பிடிக்க வைத்தவர் யெல்ட்சினின் மெய்க்காப்பாளர் தலைவர் கொர்ஷாகோவ். தேர்தலைத் தள்ளிப்போடச் சொன்ன அணியின் தலைவர் அவர். இரவோடு இரவாக என்.டி.வி. இதை ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி என்று அறிவித்தது. மறுநாள் யெல்ட்சின் பதவி நீக்கியது கொர்ஷாகோவையும் அவர் கூட்டாளிகள் இருவரையும். அந்தப் பணம் யாருடையது என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை.

முதல் சுற்றின் முடிவு: யெல்ட்சின் 35.3, ஸ்யுகானோவ் 32, ஓய்வுபெற்ற ஜெனரல் அலெக்சாந்தர் லெபெத் 14.5 சதவீதம். தாராளவாதி யாவ்லின்ஸ்கிக்கு 7, தீவிர தேசியவாதி ஷிரினோவ்ஸ்கிக்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. சோவியத் யூனியனின் கடைசி அதிபர் கோர்பச்சேவ் அரை சதவீதத்தோடு முடிந்தார். லெபெத்தின் ‘உண்மையும் ஒழுங்கும்’ பிரசாரம் கடைசி வாரங்களில் திடீரெனச் செழித்தது. ஸ்யுகானோவிடம் போகக்கூடிய தேசபக்த ஓட்டுகளை அவர் பிரிக்கட்டும் என்று யெல்ட்சினின் ஆட்களே மறைமுகமாக உதவினார்கள். இரண்டு நாளில் அவர் பாதுகாப்பு மன்றச் செயலாளர் ஆக்கப்பட்டார். நான்கு மாதத்தில் நீக்கப்பட்டார்.

யாரும் பாதி ஓட்டைத் தாண்டாததால், முதல் இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று, ஜூலை 3. அது புதன்கிழமை. கோடை வார இறுதிகளில் நகரவாசிகள் தாச்சா எனப்படும் தோட்டவீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள்தான் யெல்ட்சினின் ஓட்டு. அதற்காகவே வாரத்தின் நடுவே தேர்தலை வைத்து, அன்று விடுமுறையும் விட்டார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 26 அன்று, யெல்ட்சினுக்கு மறுபடி மாரடைப்பு. அவர் திட்டமிட்ட கூட்டங்கள் ரத்தாகின. தொண்டை கட்டிவிட்டது, ஓய்வெடுக்கிறார் என்று சொல்லப்பட்டது. பிறகு ஒரு சின்னப் பேச்சைப் பதிவுசெய்து ஒளிபரப்பினார்கள். உடம்பு அசையாமல், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஓட்டுப் போடக்கூட வழக்கமான வாக்குச்சாவடிக்கு வர முடியாமல், பர்விகா மருத்துவ விடுதியிலேயே வாக்களித்தார். என்.டி.வி.யின் தலைவருக்கு உண்மை தெரியும். அவருடைய செய்தி நிறுவனம் சொல்லவில்லை. 10 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு, தாங்கள் தேர்ந்தெடுக்கும் மனிதர் பதவியேற்க நிற்பாரா என்பதுகூடத் தெரியாமல் போனது. நவம்பர் 5 அன்று அவருக்கு ஐந்து இடங்களில் மாற்றுக் குழாய் வைத்து இதய அறுவை நடந்தது. ஒட்டுத்தாளும் இலவசப் பத்திரிகையும் கூட்டிச் சொன்னவை. இந்த மௌனமோ வாக்காளரிடமிருந்து மிக முக்கியமான ஒரு தகவலையே எடுத்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை அந்தத் தேர்தலின் மிகப் பெரிய குற்றம் இதுதான். சட்டத்தின் பார்வையில் இது பிரசாரக் கணக்கில் வராது.

ஊடகங்களைக் கண்காணித்த ஐரோப்பிய ஊடகக் கழகம் ஒரு கணக்கு வெளியிட்டது. முதல் சுற்றில் பிரசாரச் செய்திகளில் யெல்ட்சினுக்குக் கிடைத்த இடம் 53 சதவீதம், ஸ்யுகானோவுக்கு 18. சாதகமான குறிப்புக்கு ஒரு புள்ளி கூட்டி, பாதகமானதற்கு ஒன்று கழித்துப் பார்த்தபோது யெல்ட்சின் 492 புள்ளி மேலே இருந்தார். ஸ்யுகானோவ் 313 புள்ளி கீழே.

முடிவு: யெல்ட்சின் 53.8, ஸ்யுகானோவ் 40.3 சதவீதம். ‘யாரும் வேண்டாம்’ என்ற கட்டத்தில் குறியிட்டவர்கள் சுமார் 36 லட்சம் பேர். ஓட்டு எண்ணிக்கையிலேயே மோசடி நடந்ததா என்ற கேள்வி இன்றும் உண்டு. செச்சன்யாவை ஒட்டிய தாகெஸ்தான் குடியரசில் முதல் சுற்றில் ஸ்யுகானோவுக்கு 63 சதவீதம். இரண்டரை வாரத்தில் அங்கே யெல்ட்சின் 53 சதவீதத்தோடு முந்தினார். போரில் எரிந்துகொண்டிருந்த செச்சன்யாவிலேயே யெல்ட்சினுக்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்ததாகக் கணக்கு. இவற்றை நம்பச் சொல்வது கஷ்டம். 2012இல் அப்போதைய அதிபர் மெத்வெதேவ், 1996இல் ஜெயித்தது யெல்ட்சின் இல்லை என்று ஒரு தனிக்கூட்டத்தில் சொன்னதாகக் கலந்துகொண்டவர்கள் தெரிவித்தார்கள். அவர் தரப்பு மறுத்தது. ஆனால் இரண்டாம் சுற்றின் வித்தியாசம் ஒரு கோடி ஓட்டு. சில குடியரசுகளின் தில்லுமுல்லு அத்தனையையும் நிரப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாக்குச்சாவடிக்கு வருவதற்கு முன்பே, மக்களின் மனதில் முடிவு தயாராகியிருந்தது.

அமெரிக்கர்கள்தான் யெல்ட்சினை ஜெயிக்க வைத்தார்கள் என்ற பேச்சும் இணையத்தில் அடிக்கடி சுற்றும். 1996 ஜூலையில் டைம் இதழின் அட்டைப்படக் கட்டுரை அப்படித்தான் சொன்னது. சில அமெரிக்க ஆலோசகர்கள் மாஸ்கோவின் பிரசிடென்ட் ஹோட்டலில் தங்கி, தியாச்சென்கோவுக்குக் கருத்துக்கணிப்பும் குறிப்புகளும் தந்தது உண்மை. அவர்களுடைய பங்கு சிறியது என்று ரஷ்யக் குழுவினர் சொல்கிறார்கள், அதையே நானும் நம்புகிறேன். கடை வரிசையில் நின்ற நினைவைத் தொடுவதற்கு ஓர் அமெரிக்கர் தேவையில்லை. வாஷிங்டன் உதவியது கடனாலும், செச்சன்யாவைக் கண்டும் காணாமல் இருந்ததாலும்தான்.

கூலி சீக்கிரமே வந்தது. சுபைஸ் அதிபர் மாளிகையின் நிர்வாகத் தலைவரானார். நோரில்ஸ்க் நிக்கலைப் பிடித்த வங்கியாளர் பொத்தானின் துணைப் பிரதமரானார். பெரெஸோவ்ஸ்கிக்குப் பாதுகாப்பு மன்றத்தில் பதவி. மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஒளிபரப்பு என்றிருந்த என்.டி.வி.க்கு அந்த இலையுதிர்காலத்தில் முழுநாள் அலைவரிசை கிடைத்தது. தேர்தல் நடந்த அதே ஜூனில், அரசின் கையில் இருந்த காஸ்ப்ரோம் எரிவாயு நிறுவனம் என்.டி.வி.யின் 30 சதவீதப் பங்கையும் வாங்கியிருந்தது. அப்போது அது ஒரு பரிசாகத் தெரிந்தது.

1999 இலையுதிர்காலத்தில் ஓ.ஆர்.டி. லுஷ்கோவையும் முன்னாள் பிரதமர் பிரிமகோவையும் வாராவாரம் தாக்கி அவர்களுடைய அதிபர் கனவை முடித்தது. 1996இல் கற்ற அதே வித்தை. அந்த ஆண்டின் கடைசி நாளில் யெல்ட்சின் பதவி விலகி, விளாதிமிர் பூத்தினைத் தற்காலிக அதிபராக்கினார். 2000 மார்ச் தேர்தலில் பூத்தின் தொலைக்காட்சி விளம்பரமே வேண்டாம் என்றார். சாக்லேட் விற்பது மாதிரி தன்னை விற்க மாட்டேன் என்ற தொனியில் பேசினார். விவாதங்களுக்கும் வரவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை, மாலைச் செய்திகள் இருந்தன. முதல் சுற்றிலேயே 53 சதவீதம் வாங்கினார். ஸ்யுகானோவ் மறுபடி இரண்டாவது.

இந்தத் தடவை என்.டி.வி. பூத்தின் பக்கம் நிற்கவில்லை, மறுபடி தொடங்கிய செச்சன்யப் போரை விமர்சித்தது. 2000 ஜூனில் குசின்ஸ்கி கைதுசெய்யப்பட்டார், பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். 2001 ஏப்ரலில், தனக்கு வர வேண்டிய கடனையும் தன்னிடம் இருந்த பங்குகளையும் வைத்து காஸ்ப்ரோம் என்.டி.வி.யைக் கைப்பற்றியது. பழைய செய்தியாளர்களில் பலர் வெளியேறினார்கள். அதை எதிர்த்து மாஸ்கோ தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஸ்யுகானோவின் கட்சிக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்கு வர எந்தக் காரணமும் இல்லை. 1996இல் அந்தத் தொலைக்காட்சி தங்களை என்ன செய்தது என்று அவர்கள் மறந்திருக்கவில்லை.